பேட்டரி டிஸ்கனெக்ட் சொன்னபடி கேட்காதபோது: அறிகுறியை வைத்துப் பிழை தேடும் முறை

கரன்ட் கம்பி வராத தோட்ட வீட்டில் பேட்டரிதான் எல்லாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் அதைக் காவல் காக்க ஒரு பிஎம்எஸ் (பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்) இருக்கும். ஏதாவது ஒரு செல் அளவுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ 'வெட்டு' என்று அது உத்தரவு போடும். நிஜத்தில் வெட்டுவது வேறொரு பொருள், அதுதான் டிஸ்கனெக்ட்: கான்டாக்டர் (காயில் காந்தமாகி முனைகளைச் சேர்க்கும் பெரிய ஸ்விட்ச்), ரிலே (அதன் சின்ன வடிவம்) அல்லது மாஸ்ஃபெட் ஸ்விட்ச் (அசையும் முனை இல்லாத மின்னணு ஸ்விட்ச்). அந்தப் பொருளிடம் நாம் இரண்டு குணங்களை எதிர்பார்க்கிறோம். சும்மா இருக்கும்போது அது கரன்ட்டைக் குடிக்கக் கூடாது. கட்டுப்பாட்டுப் பக்கம் எது செத்தாலும் தானாகவே இணைப்பை விட்டுவிட வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் குணங்கள். 'ஸ்விட்ச் சரியில்லை' என்று வரும் புகார்களில் பலவும் இந்த இழுபறியில்தான் போய் முடியும்.

கணக்குக்கு வசதியாக ஒரு அமைப்பை எடுத்துக்கொள்வோம்: 16 செல், 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி, அதாவது சுமார் 5.1 யூனிட் பேட்டரி. 3 கிலோவாட் இன்வெர்ட்டர், எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர் (சோலார் பேனலிலிருந்து பேட்டரியைச் சார்ஜ் செய்வது), தனி பிஎம்எஸ். உங்களுடையது 24 வோல்ட் என்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், தர்க்கம் மாறாது. கை வைக்கும் முன் மோதிரம், வாட்ச், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

மழை நாட்களில் கணக்குக்கு மேல் பேட்டரி இறங்குகிறது

எல்லா லோடையும் அணைத்தும் ஒரு நாள் கழித்துப் பார்த்தால் ஐந்தாறு சதவீதம் காணோம் என்றால், முதல் சந்தேகம் கான்டாக்டர் காயில் மேல். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, காயில் ஒயரில் தொடராகப் போட்டு அளக்கவும். மில்லிஆம்பியர் துளையில் போட்டால், கான்டாக்டர் பிடிக்கும் முதல் நொடியிலேயே மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.

200 ஆம்பியர் தாங்கும் சாதாரணக் காயில் கான்டாக்டர் 10 முதல் 15 வாட் வரை இழுக்கும். 12 வாட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 288 வாட்-மணி. நம் பேட்டரியில் அது 5.6 சதவீதம். சார்ஜுக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று என இரண்டு வைத்திருந்தால் 11 சதவீதம் வெறும் காந்தத்துக்கே போகிறது. சித்திரை வெயிலில் இது யார் கண்ணிலும் படாது. கொடைக்கானல் மேல்மலை மாதிரி இடத்தில் ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் மூட்டம் போட்டுப் பேனல் சோம்பிக் கிடக்கும்போதுதான் தெரியும்.

இதற்கு முதல் மருந்து லாச்சிங் ரிலே (கரன்ட் இல்லாமலே கடைசி நிலையில் நிற்பது) அல்ல, எகானமைசர் உள்ள கான்டாக்டர். பிடிக்கும் கணத்தில் மட்டும் நிறையக் கரன்ட் கொடுத்து, பிடித்த பிறகு குறைத்துவிடும் சின்ன சர்க்யூட் இதற்குள்ளேயே இருக்கும். டிஇ நிறுவனத்தின் கிலோவாக் இவி200 இந்த வகைக்கு நல்ல உதாரணம். 12 வோல்ட் தரும்போது பிடிக்கும் நேரத்தில் 3.8 ஆம்பியர் வரை இழுக்கும். பிடித்த பிறகு சராசரி 0.13 ஆம்பியர்தான். அதாவது 1.6 வாட், நாளொன்றுக்கு 38 வாட்-மணி. ஒரு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. முக்கியமான விஷயம், சிக்னல் போனால் விட்டுவிடும் குணம் அப்படியே இருக்கிறது. விலை கூடத்தான். ஆனால் அந்த 250 வாட்-மணியை மழைக்காலத்தில் ஈடுகட்ட எவ்வளவு பேனல் கூடுதலாகப் போட வேண்டும் என்று கணக்குப் பாருங்கள், அப்புறம் விலை பேசலாம்.

ஏற்கெனவே சாதாரணக் கான்டாக்டர் இருந்தால் வெளியிலிருந்து ஒரு காயில் சேவர், அதாவது பிடித்த பிறகு காயில் வோல்டேஜைக் குறைக்கும் சர்க்யூட், போடலாம். வோல்டேஜ் பாதியானால் வாட் கால்வாசி ஆகும் என்பதுதான் இதன் சூட்சுமம். காயில் நன்றாகச் சூடேறிய பிறகும், பேட்டரி தன் குறைந்த வோல்டேஜில் இருக்கும்போதும் பிடி நழுவாமல் நிற்கிறதா என்று சோதித்தே விடவும். வண்டி, படகு மாதிரி அதிரும் இடங்களில் இதை நான் போடமாட்டேன்.

காயில் கணக்கு சரியாக இருந்தும் இறங்குகிறதா? 48 வோல்ட்டை 12 ஆக மாற்றிக் காயிலுக்குக் கொடுக்கும் கன்வெர்ட்டரைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே ஒன்றிரண்டு வாட் குடிப்பவை உண்டு. 1.6 வாட் காயிலுக்கு 2 வாட் தின்னும் கன்வெர்ட்டர் போட்டால் என்ன லாபம்? பேட்டரி வோல்டேஜுக்கே காயில் வாங்குவது நல்லது.

மாஸ்ஃபெட் ஸ்விட்ச் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். விக்ட்ரானின் பேட்டரிபுரொடெக்ட் மாதிரியானவை ஆன் நிலையில் ஒன்றரை மில்லிஆம்பியர் அளவில்தான் எடுக்கும். 'ஆனால் உள்ளே தடை இருக்கே, சூடாகுமே' என்பார்கள். ஒரு மில்லிஓம் தடையில் 100 ஆம்பியர் ஓடினால் 10 வாட் வீணாகும், உண்மை. ஆனால் வீட்டின் சராசரி ஓட்டம் 5 ஆம்பியர். அதில் வீணாவது 0.025 வாட். சராசரி குறைவாக இருக்கும் வீட்டில் மாஸ்ஃபெட் கெலிக்கும். இரவும் பகலும் பெரிய லோடு ஓடும் இடத்தில் கான்டாக்டர் கெலிக்கும். இருந்தாலும் இரண்டு தடைகள் உண்டு. ஒன்று, பேட்டரிபுரொடெக்ட் ஒரு திசைக்கு மட்டுமானது. பின்பக்கமாகச் சார்ஜ் வந்தால் தடுக்காது. இன்னொன்று, இன்வெர்ட்டருக்கு முன்னால் போடக் கூடாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார். இன்வெர்ட்டரின் கப்பாசிட்டர் இழுக்கும் முதல் இழுப்பை ஷார்ட் சர்க்யூட் என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். விளக்கு, ஃபேன், ரௌட்டர் லைனுக்கு அது போதும். இன்வெர்ட்டரை அதன் ரிமோட் முனை வழியாக அணையுங்கள்.

கூடவே இதையும் மனதில் வையுங்கள்: மாஸ்ஃபெட் கெட்டுப்போனால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். வெட்டாத நிலையிலேயே நின்றுவிடும்.

பிஎம்எஸ் செத்துவிட்டது, ஆனால் வீட்டில் கரன்ட் இருக்கிறது

கேட்க நல்ல செய்தி மாதிரி இருக்கும். இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான அறிகுறி இதுதான். காவல்காரர் இல்லாமல் பேட்டரி ஓடிக்கொண்டிருக்கிறது.

பெரும்பாலும் காரணம் லாச்சிங் ரிலே. ஒரு துடிப்பு கொடுத்தால் பிடிக்கும், இன்னொரு துடிப்பு கொடுத்தால் விடும். இடையில் காந்தமே தாங்கிக்கொள்வதால் காயிலுக்கு ஒரு மில்லிஆம்பியர்கூட வேண்டாம். 'ஜீரோ வாட்' என்று விற்பது இதைத்தான். படகுகளில் ப்ளூ சீ நிறுவனத்தின் எம்எல் வரிசை இப்படி வேலை செய்யும். மேலே கையால் திருப்பும் குமிழும் உண்டு. பொருளில் குற்றமில்லை. ஆனால் பிஎம்எஸ் ஃப்யூஸ் போனாலும், சிக்னல் ஒயரை எலி கடித்தாலும், கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில்தான் நிற்கும். விடச் சொல்ல ஆள் இல்லை, அது விடாது.

எந்த டிஸ்கனெக்ட் வாங்கப் போனாலும் ஆம்பியர், வோல்ட் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: கட்டுப்பாட்டு ஒயரைப் பிடுங்கிவிட்டால் இது எந்தப் பக்கம் நிற்கும்?

லாச்சிங்தான் வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது: சாகும்போது கடைசியாக ஒரு துடிப்பு கொடுக்கும் அளவுக்கு ஒரு கப்பாசிட்டரில் சேமித்து வைப்பது. பிஎம்எஸ் உயிரோடு இருக்கும்வரை ஒரு சின்ன சிக்னல் ரிலே பிடித்தே இருக்கட்டும். சிக்னல் போனதும் அது விட, அதன் முனை கப்பாசிட்டரை லாச்சிங் ரிலேயின் 'விடு' காயிலோடு சேர்த்துவிடும். கப்பாசிட்டர் அளவுக்குக் கணக்கு எளிது: காயில் ஆம்பியரைத் துடிப்பின் நொடிகளால் பெருக்கி, நீங்கள் பொறுத்துக்கொள்ளும் வோல்டேஜ் சரிவால் வகுத்தால் ஃபாரட். 48 வோல்ட் காயில் 1 ஆம்பியர் எடுக்கிறது, 50 மில்லிநொடி துடிப்பு வேண்டும், 8 வோல்ட் சரிந்தால் பரவாயில்லை என்றால் 0.05-ஐ 8 ஆல் வகுக்க 6,250 மைக்ரோஃபாரட் வருகிறது. 10,000 போடுங்கள், வயதானால் கப்பாசிட்டர் சுருங்கும். பேட்டரி 58.4 வோல்ட் வரை ஏறும் என்பதால் 63 வோல்ட் கப்பாசிட்டரில் கஞ்சத்தனம் வேண்டாம், 80 அல்லது 100 எடுங்கள். அதை ஒரு டையோடும் ரெசிஸ்டரும் வழியாகச் சார்ஜ் செய்தால், பேட்டரி வோல்டேஜ் திடீரென்று சரிந்தாலும் சேமித்தது பின்வழியே ஓடிப்போகாது.

இதே கப்பாசிட்டரை 12 வோல்ட் காயிலுக்குப் போட முடியாது. அங்கே 5 ஆம்பியர் இழுப்பு, 2 வோல்ட் சரிவு என்று வைத்தால் 1,25,000 மைக்ரோஃபாரட் கேட்கும். 12 வோல்ட் அமைப்பில் எகானமைசர் கான்டாக்டரோடு நிறுத்திக்கொள்வதே நிம்மதி.

எம்சிசிபி (பெரிய சர்க்யூட் பிரேக்கர்) போட்டு அதில் ஷன்ட் ட்ரிப் (சிக்னல் கொடுத்தால் பிரேக்கரைத் தட்டிவிடும் காயில்) சேர்த்தவர்களுக்கும் இதே சிக்கல்தான். ஷன்ட் ட்ரிப்புக்கு வெட்டுவதற்குத்தான் கரன்ட் வேண்டும். கரன்ட் இல்லாவிட்டால் வெட்டாது. அண்டர்வோல்டேஜ் ரிலீஸ் நேர் எதிர். அதற்கு வரும் வோல்டேஜ் 70 முதல் 35 சதவீதத்துக்குள் சரியும்போது தானாக ட்ரிப் ஆகும். ஆனால் அது நாள் முழுக்கச் சில வாட் குடித்துக்கொண்டே இருக்கும். மறுபடி ஆன் செய்ய ஆள் போய்த்தான் தூக்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு அது தலைவலி. கடைசிக் காவலாக, ஓவர்வோல்டேஜுக்கு மட்டும் என்றால் அதுவே நல்ல குணம்: யாராவது வந்து பார்க்காமல் ஆன் ஆகக் கூடாது அல்லவா?

டக் டக் என்று விட்டு விட்டுப் பிடிக்கிறது

எப்போது அடிக்கிறது என்று கவனியுங்கள்.

பம்பு அல்லது ஃப்ரிட்ஜ் கிளம்பும்போது என்றால், வோல்டேஜ் ஒரு கணம் அமுங்குகிறது, ஸ்விட்ச் விடுகிறது, லோடு போனதும் வோல்டேஜ் எழுகிறது, மறுபடி பிடிக்கிறது. விடும் புள்ளிக்கும் பிடிக்கும் புள்ளிக்கும் நடுவே இடைவெளி போதவில்லை. 46 வோல்ட்டில் விட்டால் 52-க்கு வந்த பிறகே பிடிக்கட்டும். லோடை எடுத்ததும் இந்த வகைப் பேட்டரி தானாகவே இரண்டு, மூன்று வோல்ட் எழும்; 48-ல் பிடிக்க வைத்தால் சார்ஜே ஏறாமல் பிடித்துவிடும். விடுவதற்கு முன் ஒரு தாமதமும் வேண்டும். பேட்டரிபுரொடெக்ட் 90 நொடி பொறுக்கிறது, அதுபோல ஒன்று.

ஆன் செய்த கணத்திலேயே அடிக்கிறது என்றால் காயிலுக்குப் போதுமான இழுப்பு கிடைக்கவில்லை. எகானமைசர் வகை முதல் கணத்தில் 3.8 ஆம்பியர் கேட்கும் என்றேன். பிஎம்எஸ்ஸின் சிக்னல் வெளியீடுகள் பலவும் அரை ஆம்பியர்கூடத் தாங்காது. 'பிடித்தால் வெறும் 0.13 தானே' என்று நேரடியாகக் கோர்ப்பதுதான் இங்கே நடக்கும் தப்பு. நடுவில் ஒரு சின்ன ரிலேயோ மாஸ்ஃபெட்டோ வைத்து, காயிலுக்கான கரன்ட்டைப் பேட்டரி முனையிலிருந்தே தனி ஃப்யூஸோடு எடுங்கள். காயில் முனையில் மீட்டர் வைத்துக்கொண்டு ஆன் செய்து பாருங்கள். 12 வோல்ட் காயில் முனையில் 9-க்குக் கீழே போனால் ஒயர் மெலிசு அல்லது லக் சரியாகக் கிரிம்ப் ஆகவில்லை.

விடச் சொல்லியும் விடவில்லை

முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். காயிலுக்கு வரும் கரன்ட்டை நிறுத்திவிட்டு, இரண்டு பெரிய போல்ட்டுக்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் உடனே 'ஒட்டிவிட்டது' என்று முடிவு கட்டாதீர்கள். இன்வெர்ட்டரின் கப்பாசிட்டர் இன்னும் பேட்டரி வோல்டேஜிலேயே நிறைந்திருந்தால் நல்ல கான்டாக்டரிலும் பூஜ்யம்தான் வரும். இன்வெர்ட்டர் பக்கம் ஒரு பல்பையோ ரெசிஸ்டரையோ சில நிமிடம் போட்டுக் கப்பாசிட்டரை வடித்த பிறகு பாருங்கள். அப்போது பேட்டரி வோல்டேஜ் முழுதாக வந்தால் கான்டாக்டர் விட்டிருக்கிறது. அப்போதும் பூஜ்யம் என்றால் ஒட்டியிருக்கிறது.

ஒட்டியதைத் தட்டிப் பிரித்து மறுபடி பயன்படுத்த வேண்டாம். முனை மேடு பள்ளமாகியிருக்கும். அடுத்த முறை இன்னும் சுலபமாக ஒட்டும்.

ஏன் ஒட்டியது? காலியான கப்பாசிட்டரை 51 வோல்ட்டோடு திடீரென்று சேர்த்தால், ஒயரின் தடையும் செல்லின் தடையும் சேர்ந்து சில மில்லிஓம்தான் குறுக்கே நிற்கிறது. ஆயிரம் ஆம்பியரைத் தாண்டிய இழுப்பு, அதுவும் முனைகள் தொட்டும் தொடாமலும் துள்ளிக்கொண்டிருக்கும் கணத்தில். வெல்டிங் மெஷினில் நடப்பதும் இதுதான். முன்சார்ஜ் ரெசிஸ்டர், அதாவது கான்டாக்டர் பிடிக்கும் முன் கப்பாசிட்டரை மெதுவாக நிரப்பும் ரெசிஸ்டர், கட்டாயம். 50 ஓம், 20,000 மைக்ரோஃபாரட் இன்வெர்ட்டர் என்றால் ஐந்து நொடியில் நிறைந்துவிடும். 25 வாட் கம்பி சுற்றிய ரெசிஸ்டர் போதும். முதல் கணத்தில் 50 வாட்டைத் தாண்டினாலும், மொத்தத்தில் அது விழுங்குவது 26 ஜூல்தான். முன்சார்ஜ் நடக்கும்போது இன்வெர்ட்டர் ஆனில் இருக்கக் கூடாது. இருந்தால் வோல்டேஜ் ஏறவே ஏறாது.

இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றாது. காயிலின் குறுக்கே போட்ட டையோடு. நல்ல எண்ணத்தில் போடுவதுதான், ஆனால் அது காந்தத்தை மெல்ல மெல்லச் சாகவிடும். முனைகள் சோம்பேறித்தனமாகப் பிரியும், வளைவுப் பொறி (ஆர்க்) நீளும். டிசி கரன்ட் ஏசி மாதிரி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு வராது என்பதால் பொறி தானாக அணையவும் அணையாது. எகானமைசர் வகையில் உள்ளேயே பாதுகாப்பு இருக்கும், வெளியே எதுவும் வேண்டாம். மற்றவற்றில் டையோடோடு தொடராக ஒரு ஜீனர் போட்டால் சீக்கிரம் விடும்.

அப்புறம், கான்டாக்டர் ஃப்யூஸ் அல்ல. ஒயர் ஷார்ட் ஆனால் வரும் ஆயிரக்கணக்கான ஆம்பியரை வெட்டும் வேலையை அதன் தலையில் கட்டாதீர்கள். பேட்டரியை ஒட்டியே ஒரு கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ் இருக்கட்டும். 20,000 ஆம்பியர் வரை வெட்டக்கூடியது அது. ஏசி எம்சிபியை இந்த இடத்தில் பார்த்தால் கழற்றிவிடுங்கள். டிசி எம்சிபியிலும் ப்ளஸ், மைனஸ் குறி இருந்தால் ஒரு திசைக் கரன்ட்டை மட்டும்தான் ஒழுங்காக வெட்டும். சார்ஜும் டிஸ்சார்ஜும் ஒரே ஒயரில் போகும் பேட்டரி லைனுக்கு அது ஆகாது.

ட்ரிப் ஆன அதே நொடியில் விளக்குகள், சார்ஜர்கள் போயின

நல்ல வெயிலில், பேட்டரி நிறைந்து ஓவர்வோல்டேஜில் வெட்டியபோது நடந்திருக்கும். எம்பிபிடி முழு வேகத்தில் பம்ப் செய்துகொண்டிருக்க, வாங்கிக்கொள்ள இருந்த பேட்டரியைத் திடீரென்று எடுத்துவிட்டீர்கள். கன்ட்ரோலர் சுதாரிப்பதற்குள் வோல்டேஜ் எகிறி, அதே லைனில் இருந்த லோடுகள் அடி வாங்கின. வண்டி, படகில் இதே வேலையை ஆல்டர்னேட்டர் செய்யும். அதன் டையோடுகளும் சேர்ந்து போகும்.

கான்டாக்டரை மாற்றினால் இது தீராது, வரிசையை மாற்ற வேண்டும். பிஎம்எஸ் முதலில் கன்ட்ரோலரின் ரிமோட் முனைக்குச் 'சார்ஜை நிறுத்து' என்று சொல்லட்டும். அதிலும் நிற்காவிட்டால் ஒன்றிரண்டு நொடி கழித்துக் கான்டாக்டர் விடட்டும். சார்ஜ் லைன், லோடு லைன் இரண்டையும் பிரித்து, சார்ஜை மட்டும் வெட்டினால் லோடு பேட்டரியோடுதான் இருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. இப்படி அமைத்தால் கான்டாக்டர் வருடத்தில் ஒன்றிரண்டு முறைகூட லோடோடு விட வேண்டியிருக்காது. முனைகளும் நீண்ட நாள் உழைக்கும்.

வெயில் வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை

இரவு குறைந்த வோல்டேஜில் வெட்டியது, விடிந்து பேனல் தயார், ஆனால் சார்ஜ் ஏறவில்லை. எல்லாவற்றையும் ஒரே கான்டாக்டர் வழியாக இணைத்த அமைப்பில் இது நடந்தே தீரும். கன்ட்ரோலர் தன் உயிருக்கே பேட்டரியைத்தான் நம்பியிருக்கிறது. கான்டாக்டர் விட்டதும் அதற்குப் பேட்டரி இல்லை. பேட்டரி இல்லாததால் சார்ஜ் இல்லை, சார்ஜ் இல்லாததால் கான்டாக்டர் பிடிக்காது. குறைந்த வோல்டேஜ் லோடை மட்டும் வெட்ட வேண்டும், சார்ஜ் லைனைத் தொடக் கூடாது. பிரிக்க முடியாத பழைய அமைப்பு என்றால், அழுத்திப் பிடித்தால் மட்டும் காயிலுக்குக் கரன்ட் தரும் ஒரு பெல் ஸ்விட்ச் வையுங்கள். முன்சார்ஜுக்குப் பிறகு அழுத்த வேண்டும். கையை எடுத்ததும் ஆஃப் ஆகும் வகையாக இருக்கட்டும், நிலையாக நிற்கும் ஸ்விட்ச் வேண்டாம். அவசரத்தில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள்.

வெட்டிய பிறகும் பேட்டரி இறங்குகிறது

முன்சார்ஜ் ரெசிஸ்டர் கான்டாக்டரின் குறுக்கே நிரந்தரமாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கான்டாக்டர் விட்டாலும் அந்த 50 ஓம் வழியே இன்வெர்ட்டர் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ரெசிஸ்டருக்குத் தனி ரிலே வேண்டும்.

அது இல்லை என்றால் மீதி பிஎம்எஸ்தான். வெட்டியபோது 5 ஆம்பியர்-மணி மிச்சம் இருந்து, பிஎம்எஸ் 30 மில்லிஆம்பியர் எடுத்தால் ஏழு நாள் தாங்கும். ஆள் இல்லாத வீட்டில் ஏழு நாள் போதாது. வெட்டும் புள்ளியை மேலே தூக்குங்கள்.

காயில் கருகிய வாசனை

ஸ்டார்ட்டர் சோலனாய்டை வாங்கி மாட்டியிருப்பீர்கள். தொடர்ந்து ஓடும் வகையும் சில நொடிக்கு மட்டுமான வகையும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஓம் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும்: 12 வோல்ட் வகையில் மூன்று முதல் ஐந்து ஓம் என்றால் ஸ்டார்ட்டருக்கானது, 15 ஓம் பக்கம் என்றால் தொடர் உபயோகத்துக்கானது. கை வைக்க முடியாத சூடு மட்டும், வாசனை இல்லை என்றால் தொடர் உபயோகக் காயிலுக்கு அது இயல்புதான்.

இதுவரை ஒரு முறைகூட வெட்டியதில்லை

இதையும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன், புரட்டாசியில் ஒரு முறை சோதிப்பது நல்ல பழக்கம். இன்வெர்ட்டரை அணைத்து, விளக்கு மாதிரி சின்ன லோடு ஒன்றை மட்டும் விடுங்கள். பிஎம்எஸ்ஸின் சிக்னல் ஒயரைப் பிடுங்குங்கள்; விளக்கு அணைய வேண்டும். திரும்ப மாட்டி, ஆன் செய்து, அடுத்துக் காயில் ஃப்யூஸை உருவுங்கள். மறுபடி மாட்டி, பிஎம்எஸ்ஸுக்கான சப்ளையையே எடுங்கள். லாச்சிங் அமைப்பில் இந்த மூன்றாவதில்தான் கப்பாசிட்டரின் வண்டவாளம் தெரியும். ஒவ்வொரு முறையும் விளக்கு அணைந்ததோடு நிற்காமல், போல்ட்டுகளுக்கு நடுவே மீட்டர் வைத்து முழு வோல்டேஜ் வருகிறதா பார்த்துவிட்டு, தேதியைக் கான்டாக்டர் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். மூன்றில் ஒன்றிலாவது விளக்கு அணையவில்லை என்றால், சரிசெய்யும்வரை சார்ஜ் வோல்டேஜை 55-க்குக் குறைத்துவிட்டு, பேட்டரியைக் கண்காணிக்க ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.